சாலோமி தூக்கிய கை

சாத்தாங்கரையில் சாலோமியின் கை படாத துணி குறைவு. பள்ளிக்கூடச் சீருடை, சர்ச் பாடகர் குழுவின் வெள்ளை அங்கி, கல்யாணப் பெண்ணின் ரவிக்கை, எல்லாம் அவள் மிஷினில் ஏறி இறங்கியவைதான். நாசரேத் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஏரலுக்குக் கொஞ்சம் மேற்கே, தாமிரபரணிக் கரையில் வாழையும் நெல்லுமாக இருக்கும் அந்த ஊருக்கு வந்த புதிதில் யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். அளவு கொடுக்க வந்த பெண்கள் பேசுவார்கள். இவள் குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டிருப்பாள். அப்படியே ஊர்க்கதை முழுக்க அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது.

புருஷன் அப்பாத்துரை மோட்டார் மெக்கானிக். தோட்டத்துக் கிணறானாலும் கீழத்தெருவை ஒட்டியிருக்கும் குடிதண்ணீர்க் கிணறானாலும், மோட்டார் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். "இருந்து தின்னுட்டுப் போனா ஊரு விக்கியா செத்துரும்?" என்று சாலோமி கத்துவாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சிரிப்பார். ஒரே மகள் ரீபா. கல்லூரி முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் தங்கி கலெக்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

சாலோமியின் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, வைத்தியலிங்கம் நேரே அவள் வீட்டுக்கு வந்தார். வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்து நிலமெல்லாம் கைமாறிப் போய், ஊருக்குக் கிழக்கே, கீழப்பத்து வயல்வெளியில் ஒரு வாழைத்தோட்டம்தான் மிச்சம். அந்தத் தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றுகொண்டிருந்தார்.

"சாலோமி, நீ வார்டுக்கு நில்லு. ஊருல யாரு வீட்டுல என்ன கஷ்டம்னு உனக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

நின்றாள், ஜெயித்தாள். அவரும் ஜெயித்தார். அடுத்த நான்கு வருடத்தில் அவள் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். கீழத்தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தார். மணல் லாரிகளை மறித்துப் பாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒருவன் லாரியை உறுமவிட்டு முட்டியருகே கொண்டுவந்து நிறுத்தியும் எழுந்திருக்கவில்லை. யாரிடமும் ஒரு சாயா கூட வாங்கிக் குடிக்காத மனிதர். ஒரே ஒரு குணம்: எதையும் முடிவு பண்ணிவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார். "உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி" என்பார். உறுப்பினர்களுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. சாலோமிக்கும்தான்.

மார்கழி பிறந்த அன்றைக்கு மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் குடையை விரிக்கவும் முடியாமல் திரும்ப உள்ளே ஓடினார்கள். இராப்பகலாக விடாமல் ஊற்றியது. திங்கட்கிழமை விடிந்தபோது ஆறு எது, தோட்டம் எது என்று தெரியவில்லை. ஊருக்கு வடக்கே இருந்த குளம் முட்ட நிறைந்து, நடுத்தெருவைப் பார்த்த மடையருகே கரை கசிய ஆரம்பித்தது. அங்கே உடைந்தால் தண்ணீர் நேரே நடுத்தெருவுக்குள் இறங்கும். தெருவின் கடைசியில்தான் பள்ளிக்கூடம். வீடிழந்து வந்த நானூறு பேர் அதற்குள் இருந்தார்கள்.

சாலோமி பள்ளிக்கூடத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அப்பாத்துரை விடியற்காலமே கிளம்பிப் போயிருந்தார். குடிதண்ணீர்க் கிணற்று மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்றாவிட்டால் வெள்ளம் வடிந்த பிறகு ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று தலைவர் சொல்லியிருந்தார்.

காலை பத்து மணி வாக்கில் வைத்தியலிங்கம் சேறு சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். வேட்டியை இடுப்பில் சுருட்டிக் கட்டியிருந்தார். அங்கே இருந்த உறுப்பினர்கள் மூன்று பேரையும் சத்துணவு அறைக்குள் கூப்பிட்டார்: சாலோமி, அரிசிக்கடை முகம்மது சுல்தான், இன்னொருவர்.

"கரை நிக்காது. கிழக்கே வெட்டிவிட்டா தண்ணி கீழப்பத்து வழியா ஆத்துக்குப் போயிரும். வாழை போயிரும். கீழத்தெரு போயிரும். குமரவேல் ஜே.சி.பி.யோட கரைமேல நிக்கான். என்ன சொல்லுதிய?"

"கீழத்தெருவுல ஆளு?" என்று சாலோமிதான் கேட்டாள்.

"எல்லாரையும் ஏத்தியாச்சு."

"எங்க வீட்டு அவிய?"

"மோட்டாரை ஏத்திட்டு வந்துருவான். நீ கையைத் தூக்கு."

அவள் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினாள். மற்ற இருவரும் தூக்கினார்கள். அவர் திரும்பி மழைக்குள் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் கிழக்கே ஒரு சத்தம் கேட்டது. சரளைக்கல் லாரி கவிழ்ந்ததுபோல ஆரம்பித்து, நிற்காமல் நீண்டுகொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நடுத்தெருவில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. யாரோ தலைவர் பேரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சாலோமி கஞ்சியை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்பாத்துரை வரவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது, கீழத்தெருவைத் தாண்டி, மடிந்துகிடந்த வாழைகளுக்கு அடியில் இரண்டு உடல்கள் கிடைத்தன. ஒன்று கோமு. கீழத்தெருவில் தனியாகக் கிடந்தவள். இடுப்பு ஒடிந்து நடமாட்டம் இல்லாதவள். இன்னொன்று அப்பாத்துரை. கோமுவின் சேலை அவர் முதுகைச் சுற்றி முன்பக்கம் முடிச்சிட்டிருந்தது. தூக்கிச் சுமப்பதற்காகக் கட்டியது என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் வைத்தியலிங்கம் முதல் ஆள். கல்லறைத் தோட்டம் வரைக்கும் தோள் மாற்றவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தபோது சாலோமி மைக்கின் முன்னால் நின்று, "எங்க தலைவர் இல்லைன்னா இந்த ஊரே இல்ல. எங்க வீட்டு அவிய திரும்ப உள்ள போனது யாருக்கும் தெரியாது" என்று சொன்னாள். அப்படித்தான் அவள் நம்பினாள்.

சித்திரை மாதம் சர்ச் வளாகத்தில் சேறு அள்ள ஜே.சி.பி. வந்தது. வேலைக்காரர்களுக்கு சாலோமி சாயா கொண்டுபோனாள். மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குமரவேல் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"ஏன் தம்பி, சாயா குடிக்க மாட்டியா?"

"வேண்டாம்க்கா."

"சீனி போடாம வேணும்னாலும் தாரேன்."

அவன் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். "ஒங்க கையால வேண்டாம்க்கா" என்றான். பிறகு, அவள் போகாமல் நிற்பதைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தான். அன்றைக்கு அவனும் தலைவரும் கரைமேல் நின்றுகொண்டிருந்தபோது தலைவருக்கு ஒரு போன் வந்தது. மழைச் சத்தத்தில் கேட்காது என்று அவர் ஸ்பீக்கரில் போட்டார். பேசினது அப்பாத்துரை. மோட்டாரை ஏத்தியாச்சு, கோமு ஆச்சி உள்ள கெடக்காவ, தூக்கிக்கிட்டு வாரேன், கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி என்றார். சரி வா, காத்திருக்கேன் என்றார் தலைவர். அதோடு சிக்னல் போய்விட்டது. அவர் காத்திருக்கத்தான் செய்தார். மடைப்பக்கம் கரை ஒரு ஆள் அகலத்துக்குச் சரிந்தபோது, நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வாரேன், நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணி வையி என்றார். திரும்பி வந்து, "வெட்டுலே" என்றார்.

"அண்ணன் வந்துட்டாரான்னு கேட்டேன்க்கா. வெட்டுலேன்னு மட்டும் சொன்னாரு. நான் வெட்டிட்டேன்."

சாலோமி சாயா டம்ளரோடு வீட்டுக்கு வந்தாள். அதைக் கீழே கொட்டவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், ஆறிப் பாலாடை கட்டும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

அந்த வாரம் ரீபா வந்தாள். சாலோமி சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "எங்களுக்கு அறவியல்னு ஒரு தாள் இருக்கும்மா" என்றாள். "ஒரு தலைவர் செஞ்சது சரியா தப்பான்னு எப்படிப் பாக்கதுன்னு சொல்லித்தாராங்க. ஒரு கூட்டம், விளைவைப் பாருங்கும். எத்தனை பேரு பொழைச்சாங்க, எத்தனை பேரு செத்தாங்க, அவ்வளவுதான். இன்னொரு கூட்டம், செஞ்ச காரியத்தையே பாருங்கும். பொய் சொன்னா அது தப்பு, எத்தனை பேரு பொழைச்சாலும் தப்பு. மனுஷனை மனுஷனாத்தான் நடத்தணும், ஒரு சாமானா எடுத்து உபயோகிக்கப்படாதுன்னு சொல்லும். மூணாவது கூட்டம், ஆளைப் பாருங்கும். அவன் எப்பேர்ப்பட்ட ஆளு, நல்லவனா இருந்தா அந்த எடத்துல என்ன செஞ்சிருப்பான்னு."

"நீ என்ன எழுதுவ?"

ரீபாவின் முகம் கோணியது. "எழுதிட்டேன்மா. போன மாசம் எங்க பயிற்சி வகுப்புல இதே மாதிரி ஒரு கேள்வி. குளம் உடையப் போகுது, நீ பஞ்சாயத்துத் தலைவர், என்ன செய்வ? வெட்டுறதுதான் சரின்னு எழுதுனேன். பத்துக்கு ஏழு போட்டாங்க. நல்ல விடைன்னு வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க. நான் எந்திரிச்சு நின்னு வாசிச்சேன்."

அவள் அழுதாள். சாலோமிக்கு அழுகை வரவில்லை. மகளின் முதுகைத் தடவிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று கூட்டமும் வைத்தியலிங்கத்தைத்தான் சுற்றி நிற்கின்றன. சத்துணவு அறையில் கரண்டியோடு நின்றவளை எந்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி சித்ரலேகா கதவைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். வைத்தியலிங்கம் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அவருக்கு உடம்பு பாதியாகிவிட்டது.

"போன் வந்துச்சாமே அண்ணாச்சி."

அவர் மறுக்கவில்லை. "வந்துச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கையைத் தூக்கியிருக்க மாட்ட. நீ வேண்டாம்னு அழுதா என்னால வெட்டியிருக்க முடியாது. வெட்டலன்னா அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள மிஞ்சியிருக்காது. எனக்கு அப்ப வேற வழி தெரியல சாலோமி. நானே சுமந்துக்கிடுதேன்னு நெனைச்சேன்."

"அப்ப எங்கையை எதுக்குத் தூக்கச் சொன்னிய? நீங்களே வெட்டியிருக்கலாமே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான் தூக்கியிருப்பேன்னும் சொல்ல வரல, மாட்டேன்னும் சொல்ல வரல. அந்த நானூறு பேரையும் நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், எல்லாம் நான் தச்ச சட்டை போட்ட புள்ளைய. என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாம பண்ணிட்டியளே அண்ணாச்சி. செத்தாலும் அது எனக்குத் தெரியப்போறதில்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி வேறு ஒரு விஷயத்தைச் சொன்னார். வாழை போன விவசாயிகள் சிலர் மனுப் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் கோட்டாட்சியர் விசாரணை வருகிறது. "ஆளு இருக்கது தெரிஞ்சுதான் வெட்டுனேன்னு ஆச்சுன்னா, கேசு கோர்ட்டுன்னு போயிரும். கீழத்தெருவுக்கு மேட்டுல வீடு கட்ட உத்தரவு வரப்போகுது, அதுவும் நின்னுரும். அந்த ஜனம் இன்னும் தார்ப்பாய்க்கு அடியிலதான் கெடக்கு. அதனால நான் இல்லன்னுதான் சொல்லுவேன். எனக்காகச் சொல்லல. நீயும் யோசிச்சுக்கோ."

சாலோமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத் தண்ணீர் தலைக்கு மேலே வந்தது, யோசிக்க நேரமில்லை என்று அதுவரை அவருக்காக மனதுக்குள் ஒரு மூலையில் வாதாடிக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்கு வெயில் அடிக்கிறது. இன்றைக்கும் அவர் ஊருக்கு எது நல்லது என்று தனியாக உட்கார்ந்து முடிவு பண்ணி, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருக்கிறார். நல்ல மனதோடுதான் பண்ணியிருக்கிறார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் முகம்மது சுல்தான் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"தங்கச்சி, மௌத்தானவரு திரும்ப வரப்போறதில்ல. எம் பேத்தி தஸ்மியா அன்னைக்கு அந்த ஹாலுலதான் தூங்கிட்டிருந்தா. அவளைப் பாக்கும்போதெல்லாம் அந்த மனுஷனுக்குத்தான் துஆ செய்யுதேன். அவரு பொய்யே சொல்லியிருக்கட்டும். அந்தப் பொய்யிலதான் எம் பேத்தி மூச்சு விடுதா."

"நான் தஸ்மியா சாகணும்னா சொல்லுதேன் அண்ணாச்சி?"

"நீ சொல்லல. ஆனா நாளைக்கு நீ பேசுறது அப்படித்தான் கேக்கும்."

அவர் சொன்னது நடந்தது.

விசாரணை மேஜையின் முன்னால் சாலோமி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கரையை வெட்டியதால்தான் ஊர் பிழைத்தது என்றாள். கீழத்தெருவில் ஆளில்லை என்று தலைவர் சொன்னது பொய் என்றாள். அந்தப் பொய்யின் பேரில் தான் கையைத் தூக்கியதாகவும் சொன்னாள்.

அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். "உங்க கணவர் அங்க இருக்கிறது தெரிஞ்சிருந்தா சம்மதிச்சிருப்பீங்களா?"

"தெரியாது சார்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். "ஆமான்னு போடவா, இல்லன்னு போடவா?"

"தெரியாதுன்னே போடுங்க" என்றாள் சாலோமி.

அடுத்து குமரவேலைக் கூப்பிட்டார்கள். மழைச் சத்தத்தில் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றான். அவள் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. கடைசியில் வைத்தியலிங்கம். மோட்டாரை ஏற்றியாச்சு என்று சொல்லத்தான் அப்பாத்துரை போன் பண்ணினான், திரும்ப உள்ளே போனது தனக்குத் தெரியாது என்று, நிறுத்தி நிதானமாக, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். நல்ல மனிதர் என்று அறியப்பட்டவர் சொல்வது எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த சாலோமிக்கே ஒரு கணம், தான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று தோன்றியது.

இயற்கைப் பேரிடரில் ஏற்பட்ட மரணங்கள் என்று முடிவானது. அவர் சொன்னபடியே மேட்டில் வீடுகள் வந்தன. கரையை அகலப்படுத்தினார்கள். சாலோமியிடம் தைக்கக் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக ஏரலுக்குப் போக ஆரம்பித்தார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துப் போச்சு என்று இரக்கப்பட்டவர்கள் பாதி, எவனோ தூண்டிவிட்டிருக்கான் என்றவர்கள் பாதி. அவர்களில் அவள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள் நிறைய பேர். சர்ச்சில் அவள் உட்காரும் பாயில் இடம் தாராளமாக இருந்தது. மறு வருடம் பதவிக்காலம் முடிந்து ஊரை ஒரு தனி அலுவலர் கவனிக்க ஆரம்பித்தபோது, அவள் வார்டு உறுப்பினராக இருந்ததே பலருக்கு மறந்துவிட்டது. ரீபா கலெக்டர் பரீட்சையை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையிலேயே ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏன் என்று சாலோமி கேட்கவில்லை.

இந்த ஆவணியில் ஒரு மத்தியானம், சுந்தர் அவளைத் தேடி வந்தான். கோமுவின் மகன். சூரத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. தாயார் செத்தபோது பாலம் உடைந்து கிடந்ததால் ஸ்ரீவைகுண்டத்தோடு திரும்பிப் போனவன், இப்போதுதான் ஊருக்குள் கால் வைக்கிறான்.

"மதினி, ஊருல யாரைக் கேட்டாலும் வெள்ளம் வந்துச்சு, போயிட்டாவன்னு சொல்லுதாங்க. நீங்க வேற ஏதோ சொன்னியளாமே."

இரண்டு வருடத்தில் அவளிடம் வந்து கேட்ட முதல் ஆள் அவன்தான். சாலோமி அவனை உட்காரவைத்து, மழை பிடித்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். வைத்தியலிங்கம் லாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததையும் விடவில்லை. வெட்டியதில் அவருடைய சொந்தத் தோட்டமும் போனதையும் சொன்னாள்.

அவன் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான். "அப்ப அவரு நல்லவரா, கெட்டவரா மதினி? நான் அவரு வீட்டுப் பக்கம் போனா கும்பிடவா, கழுத்தைப் பிடிக்கவா?"

"எங்கிட்ட விடை இல்ல சுந்தர். ஊரு பொழைச்சது அவராலதான். உங்கம்மா செத்ததும் அவராலதான். எலெக்ஷன்னு ஒண்ணு வந்து அவரு நின்னா நான் ஓட்டுப் போடமாட்டேன். அதுல மட்டும் எனக்குச் சந்தேகமில்ல."

சுந்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு அவன் மெல்லக் கேட்டான்:

"எங்கம்மா தனியாவா கெடந்தா?"

"இல்லய்யா. எங்க வீட்டு அவிய கூடவே இருந்தாவ. முதுகுல கட்டியிருந்தாவ."

சுந்தர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சாலோமி அவனை அழவிட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். காலையில் வடித்த சோறு இருந்தது. புளிக்குழம்பைச் சூடு பண்ணி, ஒரு முட்டையைப் பொரித்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். ஏரலுக்கு நாலு மணிக்குத்தான் பஸ் என்று சொன்னாள். அவன் சாப்பிட ஆரம்பித்தான்.